கிழக்குப் பக்கத்து மரங்கள்

எங்கள் தெருவில் எல்லோரும் அவரைப் பைப்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டுக் குழாய், கழிவுக் குழாய், மாடித் தொட்டி என்று எது மக்கர் செய்தாலும் அவர்தான் வரவேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதே தொழில். தண்ணீர் அலுவலகத்தின் உரிமம் வாங்கிய பிளம்பர்களில் அவர் ஒருவர்தான் பெண். கணவர் தையல்காரர், வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டுத் தைப்பவர். கணவரின் அக்கா, அதாவது பைப்பக்காவின் நாத்தனார், தெருமுனை வீட்டில் இருக்கிறார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தலைவியும் அவர்தான். அவர் குரலைக் கேட்டால் இன்றைக்கும் எங்களில் பாதிப் பேர் எங்களையறியாமல் நிமிர்ந்து நிற்போம்.

தெருவின் இரண்டு பக்கமும் முன்பு தூங்குமூஞ்சி மரங்கள் இருந்தன. ஒரே வருடத்தில், ஒரே ஆள் கொண்டுவந்து நட்ட மரங்கள். போன வருடம் ஒரு பூச்சி வந்தது. முதல் மரத்தில் இலை கருகியபோது யாரும் கவலைப்படவில்லை. ஏழு மாதத்தில் கடைசி மரமும் போயிற்று. நகராட்சிக்காரர்கள் ரம்பத்தோடு வந்து அறுத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகுதான் வெயில் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரிந்தது. தார் ரோடு வாணலி மாதிரி காய்ந்தது. தையல்காரர் ஜன்னலோரம் இருந்த மெஷினை உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டார். பள்ளி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மின்கம்பத்தின் நிழலில் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றார்கள். நிழல் நகர நகர வரிசையும் நகரும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் சிரிப்பு வராது.

புது மரம் நடுவதற்கான கூட்டம் ஆரம்பப் பள்ளி வகுப்பறையில் நடந்தது. குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி நுழைந்து உட்கார்ந்தோம். நகராட்சியின் தோட்ட அதிகாரி வந்திருந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு இலை இருக்கும். தண்ணீர் அலுவலகத்துப் பொறியாளரும் சுருட்டிய வரைபடத்தோடு வந்திருந்தார்.

தோட்ட அதிகாரி தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "மேற்குப் பக்கம் மேல கரண்ட் கம்பி போகுது. அதனால சின்ன மரம்தான் வைக்க முடியும். கிழக்குப் பக்கம் நடைபாதைக்கு அடியில குடிதண்ணிக் குழாய் இருக்கு. அங்க மண்ணுல எதுவும் நடக்கூடாது. சிமெண்ட் தொட்டியில அலங்காரப் பனை வைக்கலாம்."

"நல்லதாப் போச்சு" என்றார் தலைவி. "ஒரே உயரம், ஒரே வரிசை. இலைக் குப்பையும் இல்ல. தெரு பார்க்கறதுக்குப் பள்ளிக்கூடப் பிரேயர் வரிசை மாதிரி இருக்கும்."

பின் பெஞ்சிலிருந்து பைப்பக்கா எழுந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கை வரை சிமெண்ட் தூசி.

"சார், அந்தக் குழாய் செத்துப் போன குழாய்" என்றார். "எட்டு வருஷத்துக்கு முன்னாடி ரோடு நடுவுல புதுக் குழாய் போட்டோம். கிழக்கு வரிசையில ஒவ்வொரு வீட்டு இணைப்பையும் பழைய குழாயிலேர்ந்து புதுசுக்கு மாத்தினதே நான்தான். அடியில கிடக்கறது வெறும் இரும்பு. அங்க தாராளமா நிழல் மரம் வைக்கலாம்."

பொறியாளர் வரைபடத்தை விரித்தார். நடைபாதையை ஒட்டி ஒரு நீலக்கோடு ஓடியது. அதன் பக்கத்தில் 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதியிருந்தது.

"வரைபடத்துல இருக்கறததான் நான் நம்ப முடியும்மா" என்றார்.

தலைவி தம்பி மனைவியின் பக்கம் திரும்பினார். "குழாய்ல புகுந்த மரத்து வேர எடுத்து எடுத்தே மாடி கட்டினவ நீ. உனக்கு என்ன திடீர்னு மரத்து மேல பாசம்?"

வகுப்பறையே சிரித்தது. பைப்பக்காவும் சிரித்தார். ஆனால் உட்காரவில்லை.

"வாஸ்தவம்தான் அண்ணி. அதனாலதான் எந்த மரம் குழாய்க்குள்ள புகுந்து திருடும், எந்த மரம் தன் வேலையப் பார்த்துட்டு நிக்கும்னு எனக்குத் தெரியும். நம்ம பக்கம் மத்தியானத்துலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நேர் வெயில். தொட்டிப் பனை அது பாதத்துக்கே நிழல் தராது."

இந்தச் சொல் வேலை செய்தது. சிரிப்பு நின்று, ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். தோட்ட அதிகாரி மட்டும் பைப்பக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறியாளர் கையைத் தூக்கினார்.

"ரெண்டு குழாய்க்கும் ஒரே வால்வு. மூடிப் பார்த்துக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. தோண்டித் துளை போட்டாத்தான் தெரியும். அது ஓடற குழாயா இருந்தா, தெரு முழுக்கத் தண்ணி நிக்கும். யார் பொறுப்பு?"

"நான்" என்றார் பைப்பக்கா.

"உங்க உரிமம் ரத்தாகும். எழுத்துல தரணும்."

"பேப்பர் கொடுங்க சார்."

ஒரு குழந்தையின் படம் வரையும் நோட்டிலிருந்து கிழித்த தாளில், அங்கேயே நின்றபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணி, தண்ணீர் முழு வேகத்தில் வரும் நேரம் என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்து முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். தையல்காரர் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லா வீட்டையும் நீயேதான் மாத்தினியா?" என்று நிமிராமலே கேட்டார்.

"முப்பத்தோரு வீடு."

"கிழக்குப் பக்கம் முப்பத்திரண்டு வீடாச்சே."

பைப்பக்கா துண்டால் கையைத் துடைத்தார், கை காய்ந்த பிறகும் துடைத்தார். "கடைசி வீடு அன்னைக்கு நான் ஜுரத்துல படுத்திருந்தேன். மேஸ்திரி அதையும் மாத்தி, பழைய குழாயத் துண்டிச்சு அடைச்சுட்டதாச் சொன்னாரு."

"மாத்தினாரா, மாத்தினதாச் சொன்னாரா?"

"அதான் எனக்கும் தெரியல."

"கடைசி வீடு யார் வீடு?"

"உங்க அக்கா வீடு."

மெஷின் நின்றது. தையல்காரர் ஊசியிலிருந்து நூலை விடுவித்து, கண்ணாடியைக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டார். "இத்தனை வீடு இருக்கு இந்தத் தெருவுல. மாட்டறதுக்கு உனக்கு எங்க அக்கா வீடுதான் கிடைச்சுதா?" என்றார். பிறகு அவரே, "மேஸ்திரிய இப்பக் கேக்க முடியாதா?" என்று கேட்டார்.

"அவரு போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு."

"சரி. அப்ப நீயே குழாயக் கேட்டுப் பாரு."

அவர் வேடிக்கையாகச் சொன்னதாக நாம் நினைக்கலாம். ஆனால் குழாய் வேலையில் அப்படி ஒன்று உண்மையிலேயே உண்டு. நீளமான இரும்புக் கம்பி, ஒரு முனையில் கிண்ணம் மாதிரி ஒரு மூடி. கம்பியைக் குழாயின்மேல் ஊன்றி, கிண்ணத்தில் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடுவது கேட்கும். மறுநாள் விடியற்காலை, எல்லா வீட்டிலும் தொட்டி நிரம்பும் நேரத்தில், பைப்பக்கா அந்தக் கம்பியோடு தெருவில் இறங்கினார். பால் வாங்கப் போனபோது நானே பார்த்தேன். ரோட்டின் நடுவில் இருக்கும் மூடியைத் திறந்து கம்பியை ஊன்றினார். காதை வைத்ததும் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு நடைபாதையில் பழைய குழாய்க்கு மேலே இருந்த மூடியைத் திறந்து ஊன்றினார். ரொம்ப நேரம் காதை எடுக்கவே இல்லை.

"என்னக்கா கேக்குது?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கல" என்றார். "அது நல்லதா கெட்டதான்னுதான் புரியல. துருப்பிடிச்ச குழாய் சத்தத்த முழுங்கிடும்."

தலைவியின் காதுக்குக் கடைசி வீட்டு விஷயம் எப்படியோ போயிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை தம்பி வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என் வீட்டு இணைப்பு மாறலன்னு வச்சுக்கோ. நாளைக்கு என்ன ஆகும்?"

"துளை போட்டதும் தண்ணி பீறிட்டு அடிக்கும். உங்க வீட்டுக் குழாய்ல தண்ணி நிக்கும் அண்ணி. துளை மேல இரும்புப் பட்டை போட்டு அடைச்சுடுவேன். ஆனா என் உரிமம் போயிடும்."

"அதுக்கப்புறம்?"

"இவர்கிட்ட பட்டன் தைக்கக் கத்துக்குவேன்."

தலைவி சிரிக்கவில்லை. வாசல் வழியாக வெறும் தெருவைப் பார்த்தார். பிறகு தலைவி சொன்னார்: "அந்த மரங்கள அறுத்தப்ப ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல நின்னு கையெழுத்துப் போட்டவ நான். அறுபது கையெழுத்து. இன்னொரு தடவ அத என்னால பார்க்க முடியாது. சாகாத மரம் வேணும்னுதான் தொட்டிப் பனைக்குச் சரின்னேன். குப்பைங்கறது சும்மா சொன்னது."

"தெரியாமப் போச்சே அண்ணி."

"நான் சொன்னாத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை தெருவே திரண்டுவிட்டது. தலைவி வீட்டு வாசலுக்கு நேரே நடைபாதையில் நான்கு கல்லைப் பெயர்த்து, பைப்பக்காவும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் ஏழு மணிக்கே தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். நான்கடி ஆழத்தில் குழாய் தென்பட்டது. கறுத்து, மேலெல்லாம் துரு செதிள் செதிளாக. பைப்பக்கா குழிக்குள் இறங்கினார். பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைவி வீட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழுவது கண்ணில் படுகிற மாதிரி வாசல்படியில் வந்து நின்றார்.

எட்டு மணி. பைப்பக்கா அடைக்கும் பட்டையை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, கைத் துரப்பணத்தைக் குழாயின்மேல் பதித்துச் சுற்ற ஆரம்பித்தார். துருத்தூள் செங்கல் பொடி மாதிரி உதிர்ந்தது. பிறகு இரும்பு பளபளத்தது. கர் கர் என்ற சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை.

துரப்பணம் சட்டென்று உள்ளே இறங்கியது. அவர் வெளியே இழுத்தார். துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டு அவர் முகத்தில் அடித்தது.

கூட்டம் 'ஐயோ' என்று பின்வாங்கியது. தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மூடுங்கம்மா. பட்டையப் போடுங்க" என்றார் பொறியாளர்.

பைப்பக்கா பட்டையைத் தொடவில்லை. முகத்தைத் துடைத்த கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். "ஒரு நிமிஷம் சார்."

"தெரு நனையுதும்மா."

"ஒரே ஒரு நிமிஷம். இது ஓடற தண்ணி இல்ல சார். நாறுது. எட்டு வருஷமாக் குழாய்க்குள்ளயே கிடந்த தண்ணி. இது தெருவோட பள்ளமான மூலை, எல்லாம் இங்க வந்து தேங்கியிருக்கு. வடியட்டும்."

ஓரடி உயரம் எழும்பிய தண்ணீர் முக்கால் அடியாயிற்று. அரையடி. பழுப்பு நிறம் கறுப்பாயிற்று. யாரோ பக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். எழுபது எண்ணும்போது அது ஒரு விரல் உயரத்துக்குக் குமிழியிட்டது. தொண்ணூறில் குழாயின் முதுகில் வழிந்தது. பிறகு அதுவும் நின்றது.

வாசல்படியில் நின்ற தலைவி ஒரு முறை உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு, ஐநூறு பிள்ளைகளை அடக்கிய அந்தக் குரலில் சொன்னார்:

"என் வீட்டுல தண்ணி கொட்டுது. கொஞ்சமும் குறையல."

அப்போது எழுந்த சத்தத்தைக் கேட்டு அடுத்த தெருவிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். பைப்பக்கா ரம்பத்தை வாங்கி, அங்கேயே குழாயை இரண்டு இடத்தில் அறுத்து, ஒரு முழத் துண்டை மேலே தூக்கிக் கொடுத்தார். துண்டு கை மாறிக் கை மாறி பொறியாளரிடம் போயிற்று. அவர் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பாதித் துளை துருவால் அடைபட்டிருந்தது. வரைபடத்தைக் குழியின் கரையிலேயே விரித்து, சிவப்புப் பேனாவால் அந்த நீலக்கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அடித்தார். நேர்மையான மனிதர். பைப்பக்கா எழுதிக் கொடுத்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இத நீங்களே வச்சுக்குங்க. தப்பு எங்க வரைபடத்துலதான்" என்றார்.

தலைவி குழியருகே வந்து கை கொடுத்துத் தம்பி மனைவியை மேலே ஏற்றினார். எல்லோரையும் பார்த்து, "கூட்டத்துல நான் சொன்னது தப்பு. நான் தோத்தத நானே சொல்லிடறேன். பனை வேண்டாம். அடுத்த கூட்டத்துல என்ன மரம்னு பேசுவோம்" என்றார். சேற்றுக் கையைப் பிடித்ததில் அவருடைய வெள்ளைப் புடவையில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. அதை அவர் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு பைப்பக்கா ஒரு கோணிப்பையோடு வந்தார். ஆசிரியர் மேசையில் செய்தித்தாளை விரித்து, பையிலிருந்து ஒன்றை இழுத்துப் போட்டார். ஆறடி நீளம், குழாயின் அதே வடிவத்தில், நரி வாலைப் போலப் புசுபுசுவென்று அடர்ந்த வேர். முன் பெஞ்சிலிருந்தவர்கள் பின்னால் சாய்ந்தார்கள்.

"ஆல், அரசு, அத்தி, இந்த ஜாதியே இப்படித்தான். நாலு வீடு தள்ளித் தண்ணி இருந்தாலும் மோப்பம் பிடிச்சு வந்துடும். தெருவுல வேண்டாம்" என்றார். "மகிழ மரத்துக்குப் பக்கத்துல நான் முப்பது தடவையாவது தோண்டியிருக்கேன். ஒரு தடவகூட அது குழாய்க்குள்ள வந்து நான் பார்க்கல. புங்கையும் பரவாயில்ல, ஆழமா இறங்கிடும். பூவரசு கொஞ்சம் குறும்பு பண்ணும். சாக்கடை மூடியிலேர்ந்து பத்தடி தள்ளி வச்சா சொன்ன பேச்சு கேக்கும்."

தோட்ட அதிகாரி இருக்கையை விட்டு எழுந்து வந்து அந்த வேரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இருபது வருஷமா நான் மரத்தத் தரைக்கு மேல மட்டுமே பார்த்திருக்கேன். நீங்க அடியிலேர்ந்து பார்த்திருக்கீங்க. ரெண்டையும் சேர்த்து ஒரு பட்டியல் போடலாமா?" என்றார்.

போட்டார்கள். சும்மா ஒன்றும் முடிந்துவிடவில்லை. ஓய்வு பெற்ற தட்டச்சர் மாமரம்தான் வேண்டும் என்று அரை மணி நேரம் நின்றார். "காய் விடற வயசுல உங்க ஜன்னல் கண்ணாடிக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்" என்று தலைவி சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். பல் மருத்துவர் பூக்கிற மரமாகவே இருக்கட்டும் என்றார். அவர் மனைவி, பூ காரின்மேல் ஒட்டும் என்றார். அவர்கள் வீட்டுக்கு முன்னால் மட்டும் எதை நடுவது என்பதை அவர்களே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டோம்.

பூச்சி வந்தால் மொத்தமும் போய்விடக் கூடாது என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதைக் கேட்டு வாங்கியவர் தலைவி. எந்த இரண்டு மரமும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே வகையாக இருக்கக் கூடாது என்று கரும்பலகையில் எழுதி, இரண்டு கோடு போட்டார். கிழக்கே மகிழம், புங்கை, பூவரசு, முனையில் அகலமான இடத்தில் ஒரு நீர்மருது. மேற்கே கம்பிக்கு அடியில் மந்தாரையும் பவளமல்லியும். கை தூக்கச் சொன்னபோது எண்ண வேண்டிய அவசியமே வரவில்லை.

முதல் மழை பெய்து மண் இளகியதும் நட்டோம். லாரி வந்து நின்றபோது ஆள் உயரக் கன்றுகள் அதில் நெருக்கியடித்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஆடிக்கொண்டு நின்றன. நடுவதற்கு முன் தலைவி இரண்டு நிமிடம் பேசினார். பிறகு பைப்பக்காவைப் பேசச் சொன்னார். அவர் முன்னால் வந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சாக்கடை மூடியிலேர்ந்து பத்தடி, வீட்டு இணைப்பிலேர்ந்து ஆறடி. வெள்ளைச் சுண்ணாம்புல குறி போட்டிருக்கேன், அதத் தாண்டி யாரும் தோண்டாதீங்க" என்றார். எங்கள் தெருவில் இன்றுவரை எந்தப் பேச்சுக்கும் அவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை.

மத்தியானத்துக்குள் ஐம்பத்தெட்டு மரமும் மண்ணில் நின்றன. தையல்காரர் பழைய துணியை நாடா நாடாவாகக் கிழித்து ஒவ்வொரு கன்றையும் கொம்போடு சேர்த்துக் கட்டினார். இறுக்காமல், சட்டைக்கு அளவெடுப்பது மாதிரி ஒரு விரல் இடம் விட்டு. தலைவி தன் வாசலுக்கு எதிரே, குழாயை அறுத்தெடுத்த அந்தக் குழியிலேயே நீர்மருதைத் தன் கையால் நட்டு, காலால் மண்ணை மிதித்து இறுக்கினார். பைப்பக்கா தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கிழக்குப் பக்கமாக நடந்து போய், மேற்குப் பக்கமாகத் திரும்பி வந்தார். ஒவ்வொரு கன்றையும் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு வார்த்தை தெரியவில்லை. உடம்பெல்லாம் சேறு, முகம் மட்டும் விளக்கு ஏற்றினாற்போல இருந்தது.

அந்த நேரத்தில்தான் பொறியாளர் போன் செய்தார். பக்கத்தில் இருந்த எங்களுக்கெல்லாம் கேட்கட்டும் என்று பைப்பக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னும் பதினோரு தெருவுல இதே மாதிரி கோடு இருக்கும்மா. எது உயிரோட இருக்கு, எது செத்துப் போச்சுன்னு எங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியல. நகராட்சியில மரக்குழு போடறாங்க. உங்க பேரத்தான் முதல்ல எழுதியிருக்கேன். வருவீங்களா?"

பைப்பக்கா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நாத்தனார் தலையசைத்தார்.

"நாளைக்குக் காலைல ஆறு மணி சார். தண்ணி வர நேரம்" என்றார் பைப்பக்கா. "நம்மளோட பட்டியல் போட்ட மரத்துக்காரரையும் கூட்டிட்டு வந்துடுங்க."